பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அமர்த்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் எட்டுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அனைத்தையும் ஒருசேர வைத்துப் படித்தபோது, ஏறத்தாழ எல்லாருமே 'நம்பிக்கையான ஆள் வேண்டும்' என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் அந்தச் சொல்லுக்கு நான் கொள்ளும் பொருளை முதலிலேயே கூறிவிடுகிறேன். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால், நேர்ந்ததை நேர்ந்தபடியே, நேர்ந்த உடனேயே பெற்றோரிடம் சொல்லிவிடுபவரே நம்பிக்கையான ஆள். அத்தகையவரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அவர் அச்சமின்றிச் சொல்லும்படி நாம் நடந்துகொள்வது மீதிப் பாதி.

கேள்வி: என் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதை எப்போது, எங்கிருந்து தொடங்குவது?

இந்த வாரமே தொடங்குங்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பும் எட்டாவது மாதத்தில்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற வேறுபாடு உறைக்கத் தொடங்குகிறது. தாய் அறையைவிட்டு வெளியேறினாலே அழுகிற பருவம் அது. அந்தச் சமயத்தில் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரே நாளில் குழந்தையை ஒப்படைத்தால் இரண்டு பேருமே தவித்துப்போவார்கள். ஆகவே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் வந்து பழகுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களாவது கிடைக்குமாறு திட்டமிடுங்கள். முதல் சில நாட்கள் மூவரும் ஒரே அறையில் இருங்கள். பிறகு அரை மணி நேரம் நீங்கள் வெளியே சென்று வாருங்கள். அதைப் படிப்படியாக நீட்டுங்கள். கிளம்பும்போது குழந்தை பார்க்காதபடி நழுவிச் செல்லாதீர்கள்; குழந்தை அழுதாலும் பரவாயில்லை, அதனிடம் சொல்லிவிட்டே செல்லுங்கள். சொல்லாமல் மறைந்துவிடும் தாயைத்தான் குழந்தை நாள் முழுவதும் தேடிக்கொண்டிருக்கும்.

தேடுவதற்கு முன்பு, உங்கள் குழந்தையின் ஒரு நாளை, விழிப்பது முதல் உறங்குவது வரை, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆள் வர வேண்டும், நீங்கள் வீடு திரும்பத் தாமதமானால் என்ன ஏற்பாடு, குழந்தையின் துணிகளைத் துவைப்பது இந்த வேலையில் அடங்குமா, வீட்டாருக்குச் சமைப்பது அடங்குமா என்பதெல்லாம் அப்போதுதான் உங்களுக்கே தெளிவாகும். குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் பாத்திரம், தரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் வீடுகளில் குழந்தை தனியாகத் தொட்டிலில் கிடக்கிறது என்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

ஆள் கிடைக்கும் இடங்களைப் பொறுத்தவரை, பள்ளிக்குச் செல்லவிருக்கும் பிள்ளையுள்ள குடும்பங்களை முதலில் விசாரியுங்கள். அந்த வீட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு இப்போது வேறு வேலை தேவைப்படும். அந்தக் குடும்பமே அவருக்கு நல்ல இடம் தேடிக்கொண்டிருக்கும். குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் இருப்பவர்களிடமும் சொல்லி வைக்கலாம்.

கேள்வி: இதுவரை நான்கு பேரைப் பார்த்துவிட்டோம். 'குழந்தை என்றால் உங்களுக்குப் பிடிக்குமா?' என்று கேட்டால் எல்லாரும் பிடிக்கும் என்கிறார்கள். 'எல்லாம் தெரியுமா?' என்றால் தெரியும் என்கிறார்கள். வேறு என்னதான் கேட்பது?

ஆம் என்றோ இல்லை என்றோ முடிந்துவிடும் கேள்விகளைக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். நடந்ததைச் சொல்லும்படி கேளுங்கள். 'நீங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்ட குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கினாலே போதும். குழந்தையோடு உண்மையில் பழகியவர், அது எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் தூங்கும், எந்த விளையாட்டுக்குச் சிரிக்கும் என்று நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். பிறகு, 'உங்கள் கையில் இருந்தபோது ஒரு குழந்தை விழுந்ததோ அடிபட்டதோ உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். நான் மிகவும் மதிக்கும் கேள்வி இதுதான். பல ஆண்டுகள் குழந்தைகளோடு இருந்த ஒருவர் 'ஒரு முறைகூட இல்லை' என்று சொன்னால் எனக்கு ஐயம் எழும். 'கட்டிலிலிருந்து உருண்டுவிட்டது, உடனே அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்' என்று சொல்பவரிடம் எனக்கு மரியாதை பிறக்கும்.

அடுத்து, அழுகை. 'பாலும் கொடுத்தாயிற்று, துணியும் மாற்றியாயிற்று, ஒரு மணி நேரமாக அழுகையை நிறுத்தவில்லை, என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். பொறுமை இழக்கும் நேரம் எவருக்கும் வரும். அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுவது உயிருக்கே ஆபத்து. கழுத்துத் தசைகள் இன்னும் வலுப்பெறாததால் தலை முன்னும் பின்னும் வேகமாக ஆடி, மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுவிடும். குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, சில நிமிடங்கள் அடுத்த அறைக்குச் சென்று மூச்சுவிட்டு, பெற்றோரை அழைப்பதுதான் சரியான பதில். 'எனக்குக் கோபமே வராது' என்பது பதிலாகாது.

தூக்கம், உணவு, அவசரநிலை ஆகியவற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உறங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தலையணையோ கனத்த போர்வையோ பொம்மையோ அருகில் இருக்கக் கூடாது. 1990களில் பல நாடுகளில் இதை வலியுறுத்திப் பிரசாரம் செய்த பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. அனுபவம் மிக்க மூத்த பெண்கள் சிலர் இன்றும் குப்புறப் படுக்க வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கலாம். அவர்கள் கற்ற காலம் அப்படி. அதை ஒரு குறையாகப் பார்க்காமல், நீங்கள் காரணத்தைச் சொன்னபோது அவர் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். ஒரு வயதாகும் வரை தேன் கொடுக்கக் கூடாது என்பதும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதும் இதே போன்று பேசித் தெளிவுபடுத்த வேண்டியவை.

தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை மட்டும் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குக் குரலே எழாமல், மூச்சுவிட முடியாமல் போனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால் முகம் கீழ்நோக்கி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்குமாறு முன்கையில் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். அப்போதும் வெளிவரவில்லை எனில் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைத்த பொருள் வெளிவரும் வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய, இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்துக் கற்க முடியாது. நீங்களும் அவரும் சேர்ந்தே ஒரு முதலுதவிப் பயிற்சிக்குச் செல்லுங்கள். அதற்கான கட்டணமும் அன்றைய சம்பளமும் உங்கள் பொறுப்பு.

கடைசியாக, பேசி முடித்ததும் குழந்தையை அவர் அருகில் விட்டுவிட்டு நீங்கள் சற்று ஒதுங்கி அமருங்கள். வந்தவுடன் வாரித் தூக்கிக் கொஞ்சுபவரைவிட, குழந்தை தன்னை நோட்டமிடும் வரை தரையில் அமர்ந்து காத்திருப்பவரையே நான் விரும்புவேன்.

கேள்வி: ஒரு ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கிறோம். 'நாங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டோம்' என்கிறார்கள். அது போதுமா?

போதாது. எதை, எப்போது, யாரிடம் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். அடையாளச் சான்றைச் சரிபார்ப்பது வேறு, குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பது வேறு, முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரிப்பது வேறு. 'எல்லாம்' என்ற ஒரு சொல்லுக்குள் இவற்றில் ஒன்று மட்டும் ஒளிந்திருக்கலாம். முன்பு வேலை பார்த்த குடும்பத்தோடு நீங்களே பேசுங்கள். 'நல்லவரா?' என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். ஏன் வேலையைவிட்டு நின்றார், வராத நாட்களில் முன்கூட்டியே சொன்னாரா, உங்களுக்குத் தெரியாமல் எதையாவது மறைத்ததுண்டா, இன்னொரு குழந்தை பிறந்தால் இவரையே மீண்டும் அழைப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முன்பு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். ஏஜென்சி உங்களிடம் வாங்கும் தொகையில் பணியாளரின் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும், அவருடைய சான்றுகளின் அசலை அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பிடித்து வைத்திருந்தால் அந்த ஏஜென்சியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் அவருக்குத் தெரியாமல் கேமரா வைக்கலாமா என்று கணவரும் நானும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வைப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு வையுங்கள். குழந்தை இருக்கும் கூடத்திலும் விளையாடும் அறையிலும் வைக்கலாம்; குளியலறையிலும், அவர் உடை மாற்றும், உறங்கும் இடத்திலும் எந்நிலையிலும் வைக்கக் கூடாது. ஒருவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பதும் பேச்சைப் பதிவு செய்வதும் பல நாடுகளில் சட்டப்படி சிக்கலானவை. சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், மறைத்து வைத்த கேமரா ஒரு நாள் கண்ணில் படும். அன்றோடு அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவது நின்றுவிடும்.

கேமராவைக் காட்டிலும் குழந்தையே அதிகம் சொல்லும். இன்னும் தவழத் தொடங்காத குழந்தையின் உடலில் கன்றிப்போன தடம் பொதுவாக இருக்காது. இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு நெற்றியிலும் முழங்காலிலும் அடிபடுவது இயல்பு; காது, கழுத்து, வயிறு, முதுகு ஆகிய இடங்களில் தடம் இருந்தால் விசாரிக்க வேண்டும். நன்றாகப் பழகிவிட்ட பிறகும் அவர் அருகில் வந்தாலே குழந்தை ஒடுங்குகிறதா என்று பாருங்கள். எப்போதேனும் சொல்லாமல் சற்று முன்னதாகவே வீடு திரும்புவதிலும் தவறில்லை.

கேள்வி: வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறார். சம்பளம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றேன். 'வீட்டு மனுஷி போல இருக்கப் போகிறவளிடம் எழுதி வாங்குவதா?' என்கிறார் என் மாமியார்.

உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் வீட்டு மனுஷி என்ற அந்தச் சொல்லைச் சொல்லியே, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உரிய நேரத்தில் சம்பளமும் மறுக்கப்பட்ட பெண்கள் ஏராளம். வாயால் பேசியது மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும் என்று மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2013 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுவிடவில்லை. இருந்தாலும், உங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. வேலையின் தன்மை, சம்பளம், அதைக் கொடுக்கும் நாள், வேலை நேரம், ஓய்வு, சம்பளத்துடன் கூடிய விடுமுறை, தங்குமிடம், வேலையை முடித்துக்கொள்ளும் முறை ஆகியவற்றைப் பணியாளருக்குப் புரியும்படி, இயன்றவரை எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது சம்பளம் தர வேண்டும். அடையாள ஆவணங்களும் பாஸ்போர்ட்டும் அவரிடமே இருக்க வேண்டும். ஓய்வு நாளில் அவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இவற்றோடு உங்கள் நாட்டுச் சட்டம் கூறும் குறைந்தபட்ச ஊதியம், காப்பீடு ஆகியவற்றையும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கிப் பணியாற்றுபவர் விஷயத்தில் பலரும் மறந்துவிடுவது இரவு. குழந்தை நள்ளிரவில் இரண்டு முறை எழுந்து அழுதால் எழுந்திருக்கப் போவது யார்? அவர்தான் என்றால் அது வேலை நேரம். மறுநாள் பகலில் அவருக்கு உறக்கம் கிடைக்க வழி செய்ய வேண்டும். உறக்கமில்லாதவரின் கையில் குழந்தையைக் கொடுப்பதன் ஆபத்து உங்கள் குழந்தைக்கும்தான்.

கேள்வி: மாலையில் நான் வீடு திரும்பும்போது என் மகள் அவரை விட்டு என்னிடம் வர மறுக்கிறாள். அழுகையாக வருகிறது. ஆளை மாற்றிவிடலாமா?

தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் தேடியது எதுவோ அது கிடைத்துவிட்டது என்பதற்கான அடையாளம் இது. குழந்தையின் பற்றுதலை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோரின் வழிவந்த ஆய்வுகள் காட்டுவது, ஒரு குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பற்றுக்கொள்ளும் என்பதே. பார்த்துக்கொள்பவர் அடிக்கடி மாறுவதுதான் குழந்தையை வாட்டும். வீடு திரும்பியதும் உடனே கை நீட்டாமல், அவர்கள் விளையாடும் இடத்திலேயே கால் மணி நேரம் நீங்களும் அமர்ந்திருங்கள். அவர் கிளம்பும் நேரத்தை அதற்கேற்பச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகன் சோபாவிலிருந்து விழுந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் வீக்கத்தைப் பார்த்துக் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். வேறு எந்தக் குறையும் இல்லை. வேலையைவிட்டு நிறுத்திவிடுவதா?

விழுந்தது பெரிதல்ல, அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் விழும். சொல்லாமல் விட்டதுதான் பெரிது. தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாதபடி மயங்கித் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ நீரோ வடிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விழுந்ததே தெரியாத பெற்றோர், வாந்தியை வயிற்றுக் கோளாறு என்றும் மயக்கத்தைச் சாதாரணத் தூக்கம் என்றும் எண்ணிவிடுவார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எதன்மீது விழுந்தது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். அந்தப் பதில் வீட்டில் ஒருவரிடம் மட்டும் பூட்டிக் கிடந்தால் விலைமதிப்பற்ற நேரம் போய்விடும்.

முடிவெடுக்கும் முன்பு, அவர் ஏன் மறைத்தார் என்று அமைதியாகக் கேளுங்கள். முன்பு ஒரு முறை சிறு கீறலுக்கு நீங்கள் குரலை உயர்த்தியதுண்டா என்றும் உங்களையே கேட்டுப் பாருங்கள். பயத்தால் மறைத்தார் என்று தோன்றினால், மேலே எழுதிய காரணத்தை அவருக்கு விளக்கி, 'விழுந்ததற்காக வேலையைவிட்டு நிறுத்த மாட்டோம், மறைத்தால் நிறுத்திவிடுவோம்' என்று தெளிவாகச் சொல்லி ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கேட்டபோதும் கதையை மாற்றி மாற்றிச் சொன்னார் என்றாலோ, அவர் சொன்ன விதத்தில் விழுந்தால் அந்த இடத்தில் அடிபட்டிருக்க முடியாது என்று மருத்துவர் கருதினாலோ, அன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நான் பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். இப்போது இருக்கும் வீட்டில், குழந்தையின் விரல் கதவில் நசுங்கியதை உடனே சொன்னேன். அன்றிலிருந்து என்னைச் சந்தேகமாகவே பார்க்கிறார்கள். தவிர, குழந்தையின் அம்மா ஒன்று சொல்கிறார், பாட்டி வேறொன்று சொல்கிறார். இனிமேல் எதையும் சொல்லாமலிருப்பதுதான் எனக்கு நல்லதோ?

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த இதழில் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். நீங்கள் செய்தது சரி. இனிமேலும் சொல்லுங்கள். ஆனால் சொல்லும் வழியைச் சற்று மாற்றுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் குழந்தை எப்போது என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எங்கே அடிபட்டது, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி, மாலையில் குழந்தையின் அம்மாவிடம் காட்டுங்கள். எழுதுவது சிரமம் என்றால் ஃபோனில் குரல் பதிவாக அனுப்புங்கள். நல்லதும் கெட்டதும் ஒன்றாக வரும்போது, அடிபட்ட செய்தி மட்டும் தனியாகப் பெரிதாகத் தெரியாது. உங்கள் பேரில் பழி வந்தாலும் அதுவே உங்களுக்குச் சான்று.

பாட்டியும் அம்மாவும் மாறுபட்டுச் சொல்லும்போது நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு உங்களுடையதல்ல. இருவரும் இருக்கும் நேரத்தில், 'மருந்து, உணவு, தூக்கம் இவற்றில் யார் சொல்வதை நான் கேட்க வேண்டும் என்று நீங்களே பேசிச் சொல்லிவிடுங்கள், அதன்படி நடக்கிறேன்' என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் சொன்னதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களுக்குக் கீழே எழுதி வையுங்கள். அந்தக் கதவின் ஓரத்தில் விரல் நசுங்காமல் தடுக்கும் ரப்பர் தடுப்பைப் பொருத்தித் தரும்படியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.